சினைப்பைப் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் இருக்கிறது என்கிறது அறிக்கை; அதற்குரிய மாத்திரை ஏன் இல்லை?

தாமரைக்குளம்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 54 வயது. சினைப்பைப் புற்றுநோய் மூன்றாம் நிலையில் கண்டறியப்பட்டு, கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகள் மூன்று சுற்று, பிறகு அறுவை, அதன்பின் மீண்டும் மூன்று சுற்று என்று சிகிச்சையை முடித்தார். பதினான்கு மாதங்கள் நன்றாக இருந்தவருக்கு இப்போது இரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் சிஏ-125 அளவு ஏறியிருக்கிறது. ஸ்கேனில் வயிற்றின் உட்சவ்வில் சிறு கட்டிகள் தெரிகின்றன. புதிய பயாப்சி அறிக்கையில் ‘உயர்தர சீரஸ் கார்சினோமா’ என்ற வரிக்குக் கீழே ‘இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ், ஹெர்-2: 2+’ என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் சித்தப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தபோது அவருடைய அறிக்கையிலும் இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்றுதான் இருந்தது. தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டு வயலுக்குப் போய்வரும் அளவுக்குத் தெளிந்திருந்தார். அதே சொல் அக்காவின் அறிக்கையில் இருப்பதைக் காட்டிக் கேட்டால், “அந்த மாத்திரை இந்த நோய்க்குப் பயன்படாது” என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பிதான் (வளர்ச்சிக் கட்டளையைச் செல் வாங்கிக்கொள்ளும் புரதம்) செல்லைப் பெருகச் சொல்கிறது என்றால், அதை அடைத்ததும் நோய் நிற்க வேண்டாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி:

வணக்கம் அம்மா. நான் முப்பது ஆண்டுகள் நோய்க்குறியியல் துறையில் திசுத் துண்டுகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் குழப்பத்துக்கு ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்தான் காரணம். இரண்டு அறிக்கைகளிலும் அந்தச் சொல் இரண்டு வேறு பொருள்களில் நிற்கிறது.

சித்தப்பாவின் கட்டியில் தேடியது மரபணுவில் உள்ள எழுத்துப் பிழையை. இஜிஎஃப்ஆர் மரபணுவின் 19 ஆவது பகுதியில் சில எழுத்துகள் விடுபட்டாலோ, 21 ஆவது பகுதியில் ஒரு எழுத்து மாறினாலோ, வெளியிலிருந்து யாரும் தூண்டாமலேயே அந்த ஏற்பி ‘வளர், வளர்’ என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டி முழுவதும் அந்த ஒரு கட்டளையை நம்பியே வாழ்கிறது. அதனால்தான் மாத்திரை அதை அடைத்ததும் கட்டி சுருங்குகிறது. அக்காவின் அறிக்கையில் இருப்பது சாயமேற்றிப் பார்த்த சோதனை. மெல்லிய திசுத் துண்டின்மேல் ஆன்டிபாடியை ஊற்றி நிறமேற்றினால், ஏற்பிப் புரதம் இருக்கும் செல்லைச் சுற்றிப் பழுப்பு நிறக் கோடு விழும். நிறைய இருந்தால் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் அழுத்தமாகத் தெரிந்து, பார்வைப் புலம் முழுவதும் மீன்வலை விரித்தாற்போல இருக்கும். புரதம் இருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்தப் புரதத்தை நம்பித்தான் கட்டி உயிர் வாழ்கிறது என்பதற்கு அது சான்றாகாது. சினைப்பைப் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் புரதம் பரவலாகக் காணப்படும்; ஆனால் நுரையீரலில் காணும் அந்த எழுத்துப் பிழை மிக அரிது.

ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவை வழக்கத்தைவிடப் பல நாள் முன்னதாகவே கண் திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. அந்தச் சாற்றில் இருந்த வளர்ச்சிக் காரணிதான் பின்னர் இஜிஎஃப் எனப்பட்டது. 1986 இல் அவருக்கும் ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காரணி செல்லின் வெளிப்புறத்தில் நிற்கும் ஏற்பியில் வந்து பொருந்தியதும், பக்கத்துப் பக்கத்து ஏற்பிகள் இரண்டு இணைசேர்ந்து, உட்புறமுள்ள வால்களில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து செய்தி இரண்டு பெரிய வழிகளில் இறங்குகிறது: ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற வழி செல்லைப் பிரியச் சொல்கிறது, பிஐ3கே, ஏகேடி என்ற வழி பெரும்பாலும் சாகாமல் இருக்கச் சொல்கிறது.

இஜிஎஃப்ஆர் ஏற்பிக் குடும்பத்தில் நான்கு பேர். அவர்களுள் ஹெர்-2 விசித்திரமானது. அதற்கென்று தனி வளர்ச்சிக் காரணி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. எப்போதும் இணைசேர ஆயத்தமாகவே நிற்கும். ஹெர்-3 க்குக் காரணி உண்டு, ஆனால் பாஸ்பேட் ஒட்டும் திறன் மிகக் குறைவு. தனித்தனியே குறையுள்ள இவை இரண்டும் சேர்ந்தால்தான் குடும்பத்திலேயே வலிமையான இணை உருவாகிறது.

இனி உங்கள் கேள்விக்கு நேர்விடை. அந்த மாத்திரையை இந்த நோயில் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். முதற்கட்டக் கீமோ முடிந்த 835 பெண்களில் ஒரு பாதிக்கு எர்லோடினிப் என்ற அவ்வகை மாத்திரையைக் கொடுத்தும், மறுபாதிக்குக் கொடுக்காமல் கண்காணித்தும் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 2014 இல் முடிவை வெளியிட்டது. நோய் மீளாமல் இருந்த இடைக்காலம் மாத்திரை எடுத்தவர்களுக்கு 12.7 மாதம், எடுக்காதவர்களுக்கு 12.4 மாதம். மாத்திரை எடுத்தவர்கள் பலருக்குத் தோலில் கொப்புளங்களும் வயிற்றுப்போக்கும் மட்டும் மிஞ்சின.

ஹெர்-2 கதையும் அதேதான். மார்பகப் புற்றுநோயில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த டிரஸ்டுசுமாப் ஊசியைச் சினைப்பைப் புற்றுநோயில் பார்க்க, அமெரிக்க ஆய்வுக் குழு 837 பேரின் கட்டிகளைச் சோதித்தது. சாயத்தின் அழுத்தத்தை 0 முதல் 3+ வரை குறிப்பார்கள்; 95 பேரிடம்தான் 2+ அல்லது 3+ அளவு இருந்தது. மருந்து பெற்றுக் கணக்கில் சேர்ந்த 41 பேரில் மூவருக்கு மட்டுமே கட்டி சுருங்கியது. 2003 இல் வந்த முடிவு அது.

ஒன்று கேட்க வேண்டும்: அக்காவுக்கு பிஆர்சிஏ என்ற, டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் மரபணுவுக்கான சோதனை செய்திருக்கிறார்களா? இஜிஎஃப்ஆர் வரியைவிட அந்த விடைதான் இப்போது முக்கியம்.

சோதனைக்குழாய்:

ஐயா சொன்ன எண்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து வரும் முடிவில்தான் சிறு வேறுபாடு. நான் இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவன். மருந்து தோற்றது என்பதால் ஏற்பிக்கு நோயின் போக்கில் பங்கே இல்லை என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சினைப்பைப் புற்றுநோய் பரவும் விதமே வேறு. மற்றப் பல புற்றுநோய்கள் இரத்தக் குழாய்க்குள் நுழைந்துதான் தொலைவுக்குப் போகின்றன. இதுவோ கட்டியின் மேற்பரப்பிலிருந்து செல்கள் உதிர்ந்து, வயிற்றில் தேங்கிய நீரில் மிதந்து, எதிர்ப்படும் உட்சவ்வில் ஒட்டி வேர்விடுகிறது. இயல்பான செல் தன் இடத்தைவிட்டுப் பிரிந்தால் செத்துவிடும். இவை சிறு உருண்டைகளாகத் திரண்டு மிதந்தபடியே பிழைத்திருப்பதற்குக் கைகொடுப்பவற்றில் ஏற்பிகளிலிருந்து வரும் பிஐ3கே, ஏகேடி வழியும் ஒன்று. அந்த நீரும் வெறும் நீரன்று. அதில் எல்பிஏ என்ற கொழுப்புப் பொருள் மிகுந்திருக்கிறது. அது செல்மேல் வேறொரு வகை ஏற்பியைத் தூண்ட, அங்குள்ள நொதிகள் செல்லின் தோலில் ஒட்டியிருக்கும் இஜிஎஃப் குடும்பக் காரணிகளை வெட்டி விடுவிக்கின்றன. விடுபட்டவை அதே செல்லின் இஜிஎஃப்ஆரில் போய்ப் பொருந்துகின்றன. தானே சமைத்துத் தானே உண்ணும் ஏற்பாடு.

நான் ஆய்வுக்கு வந்ததற்கே காரணமான ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் அனில் சூட் அவர்களின் குழு 2014 இல் வெளியிட்டது. இரண்டு எலிகளைத் தோலோடு தோல் சேர்த்துத் தைத்து, இரத்த ஓட்டத்தை மட்டும் பொதுவாக்கினார்கள். வயிற்றறைகள் தனித்தனியே இருந்தன. ஒரு எலியின் சினைப்பையில் புற்றுச் செல்களை வைத்தபோது, மற்ற எலிக்கும் நோய் வந்தது. வயிற்று நீர் வழியாகப் போக வாய்ப்பில்லாததால், இரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அதிலும் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் ஒமெண்டம், அதாவது குடலின் முன்புறம் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பு. அங்கே சேர்ந்த செல்களில் ஹெர்-3 அதிகம். ஹெர்-3 க்குரிய நியூரெகுலின் என்ற காரணி ஒமெண்டத்தில் அதிகம். செல்களில் ஹெர்-3 ஐக் குறைத்தபோது பரவலும் குறைந்தது. நான் மேலே உறுதியாகச் சொன்ன ‘நீரில் மிதந்து பரவுகிறது’ என்ற பாடம் முழுமையானதன்று என்பதையும் அந்தச் சோதனையே காட்டிவிட்டது.

ஆகவே ஏற்பி நோயை நகர்த்துகிறது. ஒரு ஏற்பியை மட்டும் அடைத்தால் நோய் ஏன் நிற்பதில்லை என்பதுதான் கேள்வி.

நுண்ணோக்கி:

தம்பி சரியான இடத்தில் திருத்தினார், ஏற்றுக்கொள்கிறேன். அவர் கேட்டதற்கு என் விடை: அக்காவுக்கு வந்திருக்கும் உயர்தர சீரஸ் வகை, அதாவது செல்கள் இயல்பிலிருந்து மிகவும் மாறி வேகமாக வளரும் வகை, ஒரே பிழையில் நிற்கும் நோய் அன்று. 489 கட்டிகளை அலசி 2011 இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபட ஆய்வில், ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும், துல்லியமாகச் சொன்னால் 96 விழுக்காட்டில், டிபி53 என்ற காவல் மரபணு பழுதாகியிருந்தது. அதற்கு அப்பால் அடிக்கடி திரும்ப வரும் எழுத்துப் பிழைகள் மிகக் குறைவு. மாறாகக் குரோமோசோம்கள் துண்டு துண்டாகி, சில பகுதிகள் பலமுறை படியெடுக்கப்பட்டும் சில பகுதிகள் காணாமலும் கிடந்தன. கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணைத் திருத்திய கள்ளனைப் பிடித்துவிடலாம். பக்கங்களையே கிழித்துக் கலைத்துப் போட்ட புத்தகத்தில் எந்த எண்ணைத் திருத்துவது? இத்தகைய செல்லில் இஜிஎஃப்ஆரை அடைத்தால், அதே செய்தியை உள்ளே அனுப்ப ஹெர்-3, மெட், ஆக்ஸல் என்று வேறு ஏற்பிகள் நிற்கின்றன.

குறைந்த தர சீரஸ் என்ற அரிதான வகையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே டிபி53 பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பல கட்டிகளில் கேராஸ் அல்லது பிராஃப் மரபணு பழுதாகியிருக்கும். ஏற்பிக்குக் கீழே, வழியின் நடுவிலேயே கட்டளை சிக்கிக்கொண்ட நோய் அது. மெக் என்ற படியை அடைக்கும் டிராமெடினிப், மீண்டும் வந்த அவ்வகை நோயில் இடைக்காலத்தை 7.2 மாதத்திலிருந்து 13 மாதமாக உயர்த்தியது. 2025 மே மாதம் கேராஸ் பழுதுள்ள அவ்வகைக்கென்றே இரு மருந்துக் கூட்டு ஒன்றை அமெரிக்க மருந்து ஆணையம் ஏற்றது. ‘சினைப்பைப் புற்றுநோய்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே இருப்பவை பல நோய்கள்.

திண்ணை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வளர்ச்சிக் காரணி புரதம் என்கிறீர்கள். பால், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்தினால் அந்தக் காரணி குறையுமா? எங்கள் உறவினர் ஒருவர் அப்படித்தான் பத்தியம் இருக்கிறார்.

கீமோ வார்டு:

நிறுத்தச் சொல்லாதீர்கள், ஐயா. சாப்பிடும் புரதம் குடலில் செரித்துத் துண்டுகளாகித்தான் உள்ளே போகிறது. இந்தக் காரணிகளைக் கட்டியும் சுற்றுத் திசுவும் தாமாகவே தயாரித்துக்கொள்கின்றன. முட்டையை நிறுத்தினால் நோயாளியின் தசைதான் கரையும். கீமோவைத் தாங்க முடியாமல் அளவைக் குறைக்கும் நிலை வருவதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

காவேரிக்கரை:

என் அம்மாவுக்கு இதே நோய். நான்காண்டுகளுக்கு முன் வயிறு நிறைமாதக்காரியைப் போல உப்பி, ஒரு வாய் கஞ்சி குடித்தாலும் மூச்சு வாங்கியது. ஊசிவழியாக நீரை எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வெளிறிய மஞ்சள் நிறத்தில், சற்றே நுரைத்து, ஒரு லிட்டர் புட்டி நிரம்பி, அடுத்தது நிரம்பி, நான்காவது புட்டியில்தான் நின்றது. எட்டு நாளில் வயிறு மறுபடியும் உப்பிவிட்டது. பிறகு கீமோவுடன் பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். அதன்பின் பல மாதங்கள் நீர் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிட்டுத்தான் மருந்து ஏற்றுவார்கள். இதுவும் வளர்ச்சி ஏற்பிக்கான மருந்துதான் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் இது மட்டும் எப்படி வேலை செய்தது?

கீமோ வார்டு:

இந்த இழையின் மையமே உங்கள் கேள்விதான், சகோதரி. பெவாசிசுமாப் ஏற்பியைத் தொடுவதில்லை. விஇஜிஎஃப் என்ற காரணியைப் பிடித்துக்கொண்டு, அது ஏற்பியிடம் போய்ச் சேராமல் தடுக்கிறது. அதைவிட முக்கியம், அந்த ஏற்பி முதன்மையாக நிற்பது புற்றுச் செல்லின்மேல் அன்று. இரத்தக் குழாயின் உள்சுவரைப் பாவிய செல்களின்மேல். கட்டி தனக்கு இரத்தம் வேண்டி விஇஜிஎஃப்பைச் சுரந்துகொண்டே இருக்கிறது. குழாய்ச் செல்கள் அதைக் கேட்டுக் கிளைவிடுகின்றன, கூடவே தமக்கிடையேயான இணைப்புகளைத் தளர்த்திக் கசியவும் விடுகின்றன. அம்மாவின் வயிற்றில் தேங்கிய நீரில் பெரும்பங்கு அந்தக் கசிவு. 1983 இல் சென்கரும் டுவோரக்கும் இந்தப் புரதத்தை முதலில் விவரித்தபோது வைத்த பெயரே ‘நாளக் கசிவுக் காரணி’ என்பதுதான்; கட்டியால் வயிற்றில் தேங்கிய நீரிலிருந்தே அதை அடையாளம் கண்டார்கள்.

குழாய்ச் செல்கள் நம் உடலின் இயல்பான செல்கள். அவற்றின் மரபணுக்கள் கலைந்து கிடப்பவை அல்ல. அதனால் புற்றுச் செல்லைப் போல மளமளவென்று மாற்றுவழி தேடிக்கொள்வதில்லை. இந்த மருந்து இங்கே எடுபட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அளவோடும் சொல்ல வேண்டும். 1,873 பெண்கள் பங்கேற்று 2011 இல் வெளியான ஆய்வில், கீமோவுடன் சேர்த்து, பின்பும் தொடர்ந்து கொடுத்தபோது இடைக்காலம் 10.3 மாதத்திலிருந்து 14.1 மாதமானது, மொத்த ஆயுளில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கூடுதல் இல்லை. அதே ஆண்டு ஐரோப்பாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், அறுவைக்குப் பின்னும் நோய் எஞ்சியவர்கள் போன்ற ஆபத்து மிகுந்தவர்களுக்கு ஆயுளும் கூடியது. பிளாட்டினத்துக்கு, அதாவது கார்போபிளாட்டின் வகை மருந்துக்கு, கட்டுப்படாத நோயில் இடைக்காலம் 3.4 மாதத்திலிருந்து 6.7 மாதமானது. குடலில் துளைவிழும் ஆபத்து சிலருக்கு உண்டு. குடலில் நோய் ஊடுருவியிருந்தால் நான் தயங்குவேன். நீர் கட்டிய நோயாளிக்குக் கிடைக்கும் நிம்மதியை இந்த மாதக் கணக்குகள் சொல்வதில்லை என்பதை மட்டும் வார்டில் நிற்பவனாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

தாமரைக்குளம்:

இத்தனை பொறுமையாக விளக்கிய எல்லோருக்கும் நன்றி. இஜிஎஃப்ஆர் வரி புரிந்துவிட்டது. ஹெர்-2: 2+ என்ற வரியையும் அப்படியே மறந்துவிடலாமா? பிஆர்சிஏ சோதனை செய்யவே இல்லை என்பது கோப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

சோதனைக்குழாய்:

அதை மறக்க வேண்டாம், அக்கா. அண்மை ஆண்டுகளில் ஏற்பியைப் பார்க்கும் விதமே மாறியிருக்கிறது. முன்பு ஏற்பியை இயந்திரமாகக் கருதி நிறுத்தப் பார்த்தார்கள். இப்போது அதை வீட்டு முகவரியாகப் பயன்படுத்துகிறார்கள். டிரஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்பது அதே பழைய டிரஸ்டுசுமாபின் முதுகில் வீரியமான கீமோ மருந்தை ஏற்றி அனுப்புவது. அது ஹெர்-2 வில் ஒட்டி, ஏற்பியோடு செல்லுக்குள் இழுக்கப்பட்டு, உள்ளே போய்ச் சுமையை இறக்குகிறது. கட்டி ஹெர்-2 வை நம்பி வாழ்கிறதா இல்லையா என்பது இங்கே பெரிய பொருட்டே இல்லை. ஏற்பி வாசலில் இருந்தால் போதும். இறக்கிய மருந்து செல்சவ்வைக் கடந்து, ஹெர்-2 இல்லாத பக்கத்துச் செல்லையும் தாக்கக்கூடியது. பல உறுப்புகளின் கட்டிகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வில், சினைப்பைப் பிரிவில் இருந்த 40 பேரில் 45 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. பழைய மருந்தில் 41 க்கு 3 என்றிருந்ததை நினைத்துப் பாருங்கள்.

கீமோ வார்டு:

உற்சாகத்தோடு இரண்டு தடைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி. 2024 ஏப்ரலில் அமெரிக்க ஆணையம் இசைவு தந்தது 3+ கட்டிகளுக்கு, அதுவும் வேறு நல்ல வழி இல்லாத நிலையில். நுரையீரல் அழற்சி என்ற பக்கவிளைவு அரிதாக உயிரையே வாங்கும். புதிதாக இருமல் வந்தால் அடுத்த ஊசிவரை காத்திருக்கக் கூடாது.

இதே முறையில் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபாவை முகவரியாகக் கொண்ட மிர்வெடக்சிமாப் மருந்தும் உண்டு. அது வைட்டமினை உள்ளே எடுக்கும் ஏற்பி. இந்த நோயில் மிகுந்து காணப்படும். கட்டியில் குறைந்தது 75 விழுக்காட்டுச் செல்களில் சாயம் மிதமாகவோ அழுத்தமாகவோ ஏறினால்தான் கொடுப்பார்கள். பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாத 453 பேரிடம் நடந்த ஆய்வில் ஆயுள் 12.75 மாதத்திலிருந்து 16.46 மாதமானது. கண் மங்கலும் எரிச்சலும் வரும் என்பதால் கண் மருத்துவரின் துணையின்றித் தொடங்குவதில்லை.

ஆனால் தாமரைக்குளம் அம்மா, உங்கள் அக்காவுக்குப் பதினான்கு மாத இடைவெளி கிடைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியிருந்தால்தான் பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாதது என்போம். ஆகவே மறுபடியும் கார்போபிளாட்டின் எடுபடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பிஆர்சிஏ பழுது இருந்து, கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டால், அதன்பின் தொடர்வதற்கு, ‘பார்ப்’ என்ற டிஎன்ஏ பழுதுபார்க்கும் நொதியை அடைக்கும் மாத்திரையைக் கேட்கலாம். மேலே சொன்ன முகவரி மருந்துகள் அதற்குப் பிந்தைய படிகள். பழுது பிறவியிலேயே வந்தது என்று தெரிந்தால் நீங்களும் உங்கள் அக்காவின் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். தாய்வழியில் மட்டுமன்றித் தந்தை வழியிலும் அது வரும்.

நுண்ணோக்கி:

ஹெர்-2 வுக்கு 2+ என்று குறித்தவர் எந்த அளவுகோலால் குறித்தார் என்று கேளுங்கள். மார்பகத்துக்கு ஓர் அளவுகோல், இரைப்பைக்கு வேறோர் அளவுகோல். மேலே தம்பி சொன்ன ஆய்வில் இரைப்பை அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்கள். செல்லின் முழுச் சுற்றிலும் கோடு விழாமல் பக்கவாட்டில் மட்டும் விழுந்த கட்டியை இரண்டு அளவுகோல்களும் வேறு வேறாகக் குறிக்கக்கூடும். மெழுகுக் கட்டியில் புதைத்த திசு ஆய்வகத்திலேயே இருக்கும். மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

தாமரைக்குளம்:

நேற்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். இந்த முறை கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கார்போபிளாட்டின் திங்கட்கிழமை தொடங்குகிறது. வயிற்றில் நீர் குறைவாகவே இருப்பதால் பெவாசிசுமாபை இரண்டாம் சுற்றில் முடிவு செய்யலாம் என்றார். பிஆர்சிஏவுக்கு இரத்தம் எடுத்தாயிற்று, முடிவுக்கு மூன்று வாரம் ஆகுமாம். மெழுகுக் கட்டியை ஃபோலேட் ஏற்பிச் சோதனைக்கும், ஹெர்-2 வை இரைப்பை அளவுகோலில் மறுபடி பார்ப்பதற்கும் அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் மூத்த மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தனக்கும் இரத்தம் எடுக்க வேண்டுமா என்று வீடு வரும் வழியில் பேருந்தில் கேட்டாள். முதலில் அம்மாவின் முடிவு வரட்டும் என்றேன். முடிவு வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.